புள்வழி கண்ட சாலிம் அலி

வானத்தில் அணிவகுத்துச் செல்லும் பறவைக் கூட்டத்தைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும், அப்பறவைகள் எந்நாட்டிலிருந்து வந்தன, எந்நாடு நோக்கிச் செல்கின்றன, சென்றவை மீண்டும் வருமோ என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அங்ஙனம் எண்ணிப் பார்த்ததோடு அமையாமல், விடை காணும் பொருட்டுக் காடும் மலையும் கடற்கரையும் அலைந்து திரிந்த பேரறிஞர் ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்தார். அவரே சாலிம் அலி ஆவார். சிறுவராய் இருந்தபோது ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்திய அவர் கை, முதுமைப் பருவத்தில் பறவைகளின் காலில் சிறு வளையம் பூட்டி, அவற்றை உயிரோடு வானில் விடுத்தது. அவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது. அக்காலம் முழுவதும் அவர் கற்ற கல்வியின் வரலாறே அவருடைய வாழ்க்கை வரலாறு எனலாம்.

இளமைப் பருவம்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாய் மாநகரில் பிறந்தார். மக்கள் பலர் நிறைந்த குடும்பத்தில் அவரே கடைக்குட்டி. பிறந்து ஓராண்டில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியும் அவர்தம் மனைவியார் அமீதா பேகமும் அக்குழந்தைகளைத் தம் மக்களாகவே ஏற்று வளர்த்தனர். பெற்றோரை அறியாத அச்சிறுவருக்கு அன்பில் குறை ஒன்றும் நேரவில்லை.

தாய்மாமன் வேட்டையில் விருப்பம் மிக்கவர். அவரைப் போலவே தாமும் சிறந்த வேட்டைக்காரர் ஆதல் வேண்டும் என்பதே சிறுவர் சாலிமின் ஆசை. மாமன் அவருக்கு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். சாலிம் அதனைக் கொண்டு குருவிகளைக் குறிபார்த்துப் பழகினார். 1908ஆம் ஆண்டளவில் ஒரு நாள் அவர் சுட்ட குருவி ஒன்று கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று காணப்பட்டது. வீட்டுக் கூரையில் வாழும் சிட்டுக்கு அத்தகைய அடையாளம் இல்லை. தம் சமயநெறிப்படி அதனை உண்ணலாமோ ஆகாதோ என்ற ஐயம் சிறுவருக்கு எழுந்தது. மாமனிடம் கொண்டு சென்று காட்டினார். அவருக்கும் அஃது இன்ன பறவை என்று சொல்லக் கூடவில்லை. எனவே, அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, சிறுவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார்.

1883ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அக்கழகத்தின் செயலாளராக அப்போது மில்லர்டு என்னும் ஆங்கிலேயர் விளங்கினார். ஆங்கிலேயர் ஒருவரைத் தனியே சென்று காண்பதற்கு அக்காலத்துச் சிறுவர் அஞ்சியது வியப்பன்று. நடுங்கும் நெஞ்சோடு சென்ற சாலிம், காகிதத்தில் பொதிந்திருந்த குருவியை எடுத்து நீட்டினார். மில்லர்டு முகமலர்ந்து அதனை வாங்கிப் பார்த்து, அது மஞ்சட்கழுத்துச் சிட்டு என்று தெரிவித்தார். அதனோடு நில்லாமல், கழகத்தின் இழுப்பறைகளைத் திறந்து, பஞ்சடைத்துப் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். பறவை நூல்களையும் படிக்கக் கொடுத்தார். இந்நாட்டில் இத்துணை வகைப் பறவைகள் உள்ளனவா என்று சிறுவர் மலைத்து நின்றார். கேட்க வந்தது ஒரு குருவியின் பெயர். கொண்டு சென்றதோ வாழ்நாள் முழுவதற்கும் உரிய வேட்கை.

கல்வியும் இடர்ப்பாடும்

அவ்வேட்கை அவருக்கு உடனே சோறு தரவில்லை. கல்லூரியிற் சேர்ந்த சாலிமுக்குக் கணக்குப் பாடம் பெருந்துன்பம் விளைத்தது. படிப்பை இடையிலே நிறுத்திவிட்டுப் பர்மா நாட்டிற்குச் சென்று, அங்குக் குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலிலும் மரத் தொழிலிலும் ஈடுபட்டார். தொழிலைக் காட்டிலும் அந்நாட்டுக் காடுகளே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1917இல் பம்பாய்க்குத் திரும்பி வணிகக் கல்வி கற்றார். புனித சேவியர் கல்லூரியில் பாதிரியார் பிளாட்டர் அளித்த ஊக்கத்தால் விலங்கியலும் பயின்றார். 1918இல் தெகமீனா என்னும் நங்கையை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால், விலங்கியல் ஆய்வுத் துறையில் அவர் நாடிய பதவி கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில், காண வருவோர்க்கு விலங்குகளையும் பறவைகளையும் விளக்கிக் கூறும் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. ஆயினும், தாம் கற்றது போதாது என்னும் எண்ணம் அவரை வருத்திக்கொண்டே இருந்தது. ஆகவே விடுப்புப் பெற்றுச் செருமனி நாட்டிற்குச் சென்று, பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் சுத்ரேசுமன் என்னும் பேராசிரியரை ஆசானாக அடைந்தார். அவ்வாசானை அவர் இறுதிவரை மறந்திலர்.

தீவில் கற்ற பாடம்

செருமனியில் இருந்த காலத்தில் சாலிம் அலி, வடகடலின் நடுவே உள்ள எலிகோலாந்து என்னும் சிறு தீவிற்குச் சென்றார். இளவேனிலில் வடக்கு நோக்கியும், இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கியும் கடல் கடந்து செல்லும் பறவைகள் களைப்பாறும் தங்குமிடம் அது. அங்குள்ள பறவை நிலையத்தார், அகன்ற வாயும் குறுகிய முடிவும் உடைய கம்பிவலைக் கூடுகளைச் செடிகொடிகளுக்கிடையே அமைத்துப் பறவைகளைத் துன்புறுத்தாமல் பிடித்தனர். பிடித்த பறவையின் காலில் எண் பொறித்த வளையம் ஒன்றைப் பூட்டி, உடனே பறக்க விட்டனர். இக்கலையைச் சாலிம் அலி அங்கே நேரிற் கற்றார்.

இக்கலையை முறையாகத் தொடங்கியவர் டென்மார்க்கு நாட்டுப் பள்ளியாசிரியர் மார்ட்டென்சன் என்பார். அவர் முதலில் துத்தநாக வளையங்களைச் செய்து மைனா இனத்துப் பறவைகளின் காலில் மாட்டிப் பார்த்தார். அவை பறவைக்குச் சுமையாயின. மனந்தளராமல் முயன்று, 1899ஆம் ஆண்டில் எடை குறைந்த அலுமினிய வளையங்களைச் செய்து, அவற்றில் எண்ணும் முகவரியும் பொறித்து வெற்றி கண்டார்.

வளையம் எதற்கு என்று வினவலாம். ஒரு மாட்டை மற்றொரு மாட்டிலிருந்து பிரித்தறிய இயலும். ஆனால், ஆயிரம் உள்ளான்கள் கூடியிருக்கும் சேற்றுவெளியில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிதல் யாருக்கும் ஆகாது. எண் பொறித்த வளையமே அப்பறவைக்குப் பெயராகின்றது. இறந்த பறவையை ஆராய்ந்தால் அதன் இனம் தெரியும். அலகின் அளவும் இறகின் நிறமும் தெரியும். அது சென்று வரும் வழியை அறிவதற்கோ, அதனை உயிரோடு விடுத்தல் வேண்டும்.

வேலை இழந்தும் விருப்பம் இழவாமை

1930இல் தாயகம் திரும்பிய சாலிம் அலிக்கு வருத்தமான செய்தி காத்திருந்தது. பணப் பற்றாக்குறையால் அருங்காட்சியகத்தில் அவருடைய பதவி நீக்கப்பட்டிருந்தது. பிறர் கலங்கும் அந்நிலையில், அவரும் மனைவியாரும் பம்பாய்க்கு அண்மையிலுள்ள கிகீம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் எளிய வாழ்க்கையை மேற்கொண்டனர். அங்கே தூக்கணங்குருவிகள் கூடு கட்டுதலை அவர் நாள்தோறும் இருந்து நோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதியளவு முடைந்து வைக்கும்; பெண்குருவி வந்து பார்த்துத் தனக்குப் பிடித்த கூட்டைத் தேர்ந்துகொள்ளும்; பின்னரே ஆண்குருவி அதனை முடித்து, மற்றொரு கூட்டைத் தொடங்கும். இவ்வுண்மைகளை அவர் எழுதி வெளியிட்டபோது அறிஞருலகம் அவரை அறிந்தது. வேலை போன துன்பமே அவருக்குப் புகழ் வாயிலைத் திறந்தது.

அதன்பின் ஐதராபாத்து, கொச்சி, திருவிதாங்கூர் முதலிய சமத்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். தமக்கு ஊதியம் வேண்டாம், பயணச் செலவு ஒன்றே போதும் என்று இசைந்து அப்பணி செய்தார். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்று, கூடாரத்தில் தங்கிய அவ்வாழ்க்கையில் தெகமீனா அம்மையார் உடனிருந்து உதவினார். 1939இல் ஒரு சிறு அறுவை மருத்துவத்தின் பின் அவ்வம்மையார் காலமானார். அத்துயரை ஆற்றுதற்குச் சாலிம் அலி தம் பணியையே துணையாகக் கொண்டார். 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. படங்களோடு கூடிய அந்நூலைக் கற்றுப் பறவைகளை அறியத் தொடங்கியோர் பல்லாயிரவர். பிற்காலத்தில் அமெரிக்க அறிஞர் தில்லன் இரிப்ளியுடன் சேர்ந்து, இந்தியா, பாகிசுத்தான் முதலிய நாடுகளின் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் கொண்ட பெருநூலை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார்.

வளையம் பூட்டும் பணி

எலிகோலாந்தில் கற்ற கலையை இந்நாட்டில் பெரிய அளவிற் செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் சாலிம் அலியின் உள்ளத்தில் நெடுங்காலம் இருந்தது. இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் 1920களிலேயே தார் சமத்தானத்தில் வாத்துகளுக்கு வளையம் பூட்டப்பட்டதுண்டு. ஆயினும், பெருமுயற்சிக்கு வேண்டிய பொருள் கழகத்திடம் இல்லை. அப்பொருள் எதிர்பாராத ஒரு வழியிலே வந்தது.

1957இல் மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. காட்டிற்குச் சென்ற மக்களும் கொடிய காய்ச்சலுற்று இறந்தனர். உண்ணிகளின் கடியால் அந்நோய் பரவுவதும், நோய்க்கிருமி உருசிய நாட்டில் காணப்பட்ட ஒருவகைக் கிருமியை ஒத்திருப்பதும் தெரியவந்தன. வடக்கிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்து நோயைப் பரப்பினவோ என்ற ஐயம் எழுந்தது. பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்னும் வினா, அதுகாறும் அறிஞர் சிலருடைய ஆர்வமாக மட்டும் இருந்தது. இப்போது மக்களின் உயிரைப் பற்றிய வினாவாயிற்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியோடு 1959இல் பறவை வலசை ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றபோது சாலிம் அலிக்கு அறுபது வயது கடந்திருந்தது. பலர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் மீண்டும் கூடாரத்தை நாடினார்.

பரத்பூர் ஏரி முதலிய பல இடங்களிற் பாசறைகள் அமைந்தன. பறவை பிடித்தலையே குலத்தொழிலாகக் கொண்ட மீர்சிகார்கள் பீகார் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டனர். கொன்று விற்கும் பொருட்டு அவர்கள் கற்றிருந்த திறமை, இப்போது காயமின்றிப் பிடித்து விடுப்பதற்குப் பயன்பட்டது. மயிரிழை போன்ற நூலாற் பின்னிய மென்வலைகள் மூங்கிற் கழிகளிற் கட்டப்பட்டன. பறந்து வரும் பறவை வலையில் மோதி அதன் மடிப்பில் விழும். நெடுநேரம் கிடந்தால் வெயிலாலும் அச்சத்தாலும் அஃது இறந்துபடும். ஆதலின், வலையை அடிக்கடி சென்று பார்த்தல் இன்றியமையாதது.

எடுத்த பறவையைத் துணிப்பையில் இட்டுக் கொண்டுவருவர். அதன் முதுகு உள்ளங்கையிற் படிய, கழுத்து சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அமையுமாறு பிடிப்பர். காலின் பருமனுக்கு ஏற்ற வளையத்தைத் தேர்ந்து குறடு கொண்டு மூடுவர். வளையம் இறுகினால் கால் புண்ணாகும். விளிம்பு விலகி நின்றால் புல்லிலும் நாரிலும் சிக்கும். பின்னர்ச் சிறகையும் அலகையும் அளந்து, எடையிட்டு, உடலில் உள்ள உண்ணிகளை எடுத்துக் குப்பியிலிட்டு, வளையத்தின் எண்ணோடு இடமும் நாளும் ஏட்டில் எழுதுவர். அதன்பின் கை விரியும், பறவை பறக்கும். ஒவ்வொரு வளையத்திலும் எண்ணோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குத் தெரிவிக்குமாறு வேண்டும் சிறு தொடரும் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருந்தது.

கோடிக்கரையில்

தமிழகத்தின் கீழ்க்கரையில், வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் கூடும் மூலையில் அமைந்தது கோடிக்கரை. உப்பளங்களும் சேற்றுவெளியும் சூழ்ந்த அவ்விடத்தின் சிறப்பை 1962இல் சாலிம் அலி எடுத்துரைத்தார். 1967இல் அது பறவை, விலங்குகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பின்னர்க் கழகத்தின் வளையம் பூட்டும் பாசறை அங்கும் அமைந்தது. நாரை தெற்கே வந்து வடக்கே மீள்வதைச் சத்திமுற்றப் புலவர் முதலிய பழந்தமிழ்ப் புலவர்கள் அறிந்திருந்தனர். அவ்வடக்கு எத்துணைத் தொலைவினது என்பதை அறிய வளையம் வேண்டியிருந்தது.

குளிர்காலத்தில் கோடிக்கரையை அடையும் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் நிறத்தன. கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராமே. மாசி, பங்குனித் திங்கள்களில் அவற்றிடம் ஒரு மாறுதல் தோன்றும். சாம்பல் இறகு உதிர்ந்து செந்நிற இறகு முளைக்கும். சேற்றுப் புழுக்களை இடைவிடாது தின்று தோலின்கீழ்க் கொழுப்புத் திரளும். அக்கொழுப்பே நெடும்பயணத்திற்குரிய கட்டுச்சோறு. பகற்பொழுது நீளத் தொடங்கியதும் அவை கூட்டங்கூட்டமாக எழுந்து வடக்கு நோக்கிச் செல்லும். பனி உருகும் சிறு வேனிற்காலத்திற்குள் அவை வடதுருவத்தை அடுத்த வெளிகளை அடைந்து, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தல் வேண்டும். அவ்வெளிகள் கோடிக்கரையிலிருந்து ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஆதலின், இளவேனிற் பயணத்தின்போது பிடிக்கப்படும் பறவையை வீணே ஒரு நாழிகையும் நிறுத்தி வைத்தலாகாது. அதன் பசியும் காலமும் அதனைச் சார்ந்தன மட்டும் அல்ல. பிறக்க இருக்கும் குஞ்சுகளையும் சார்ந்தன.

வளையம் பூட்டியோர்க்கு அதன்பின் காத்திருத்தல் ஒன்றே வேலை. பறந்து சென்றவற்றுள் மிகச் சிலவற்றைப் பற்றியே செய்தி கிட்டும். அச்செய்தி, எங்கோ ஒரு நாட்டில், இன்னார் என்று அறியாத வேட்டைக்காரரோ மீனவரோ சிறுவரோ பறவையின் காலில் வளையத்தைக் கண்டு, அதனை எறிந்துவிடாமல் எழுதி அனுப்பினால் மட்டுமே வரும். மொழி அறியாத, முகம் காணாத மனிதர்மேல் வைத்த நம்பிக்கையே இக்கலைக்கு அடிப்படை. அந்நம்பிக்கை பொய்த்திலது. பரத்பூரில் வளையம் பூட்டிய வாத்துகளைப் பற்றி மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் செய்திகள் வந்தன. கோடிக்கரையில் வளையம் பூண்ட உள்ளானும் சைபீரியாவிற் காணப்பட்டது. அரசுகளுக்கிடையே எல்லைகளும் பூசல்களும் நிறைந்திருந்த அக்காலத்தில், பறவைகள் தடையின்றிச் சென்று வந்தன. அவற்றைப் பற்றிய கடிதங்களும் அவ்வாறே வந்தன. கியாசனூர் நோயைப் பறவைகளே கொணர்ந்தன என்பதோ நிறுவப்படவில்லை. பழி சுமத்தப்பட்ட பறவைகளின் வழியை மட்டும் உலகம் அறிந்துகொண்டது.

பண்பும் புகழும்

சாலிம் அலி துப்பாக்கியை அறவே துறந்தவர் அல்லர். இனங்களைப் பிரித்தறியும் ஆராய்ச்சிக்குச் சில பறவைகளைச் சுட்டுச் சேகரித்தல் இன்றியமையாதது என்பது அவர் கருத்து. அதனை அவர் ஒளித்ததும் இல்லை. ஆனால், பொழுதுபோக்கிற்காகக் கொல்லுதலையும், பறவைகளின் வாழிடத்தை அழித்தலையும் கடுமையாக எதிர்த்தார். மன்னர்களும் விருந்தினரும் ஆயிரக்கணக்கான வாத்துகளைச் சுட்டுக் குவித்த பரத்பூர் ஏரி, பறவைகளுக்கே உரிய இடமாக நிலைபெற உழைத்தோருள் அவர் முதன்மையானவர். அவ்விடம் 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

இந்திய அரசு அவருக்கு 1958இல் பத்மபூசண் விருதும் 1976இல் பத்மவிபூசண் விருதும் வழங்கியது. பட்டம் பெறாத அவருக்குப் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டம் அளித்துத் தம்மைப் பெருமைப்படுத்திக்கொண்டன. இயற்கைப் பாதுகாப்பிற்காகக் கிடைத்த பெரும்பரிசுத் தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், அப்பணிக்கே நிதியாக அமைத்தார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். அவ்வாண்டில் வெளிவந்த தம் வரலாற்று நூலுக்கு, இளமையில் வீழ்த்திய அச்சிட்டுக்குருவியின் நினைவு தோன்றவே பெயர் சூட்டினார். 1987ஆம் ஆண்டு சூன் திங்கள் 20ஆம் நாள், தமது தொண்ணூறாம் வயதில், பம்பாயிற் காலமானார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் தொடங்கப்பெற்ற பறவையியல் ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஒரு பறவையின் பெயரை அறியாமை ஒரு சிறுவரின் வாழ்க்கையை மாற்றியது. அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொண்டு வினவச் சென்றதே அவருடைய முதற்சிறப்பு. கைப்பற்றி வைத்துக்கொள்ளுதலினும், கைவிரித்து விடுத்தலால் அறியப்படுவன மிகுதி என்று கண்டது அவருடைய முடிந்த சிறப்பு. பங்குனித் திங்களில் உப்பளத்தின்மேல் எழுந்து வடக்கே செல்லும் உள்ளான் கூட்டத்துள், ஏதேனும் ஒரு காலில் சிறு வளையம் மின்னக் காண்போர், அங்ஙனம் வினவிய சிறுவரை நினைவு கூர்வாராக.